அயலுக்கு யார் விலை கொடுப்பது?

வீடு வாங்கப் போகிறவர் முதலில் விலையைக் கேட்கிறார். பிறகு தண்ணீர் வசதி எப்படி, பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம், பிள்ளைகளுக்கு ஏற்ற பாடசாலை உண்டா என்று விசாரிக்கிறார். எல்லாம் முடிந்தபின் குரலைச் சற்றுத் தாழ்த்தி, "பக்கத்தில யாரு இருக்காங்க?" என்று கேட்கிறார். கடைசியில் கேட்கப்படுவதாலேயே அதைச் சிறிய கேள்வி என்று எண்ணிவிடக் கூடாது. முன்னைய கேள்விகள் எல்லாம் சுவரையும் கூரையையும் பற்றியவை. இது ஒன்றுதான் மனிதரைப் பற்றியது. இந்தக் கேள்விக்கு நாம் தேடும் விடையில்தான் ஒரு நகரத்தின் முகம் தீர்மானமாகிறது. ஆகவே இதை வெறும் கொடுக்கல் வாங்கல் விடயமாக விட்டுவிடாமல் ஒழுக்கம் சார்ந்த கேள்வியாக எடுத்து ஆராய்வது பயன்தரும் என்று எண்ணுகிறேன்.

இதை எழுதத் தூண்டிய காரணத்தை மறைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் சோனகதெருவில் எமது வாப்பாவின் பெயரில் இரண்டு பரப்புக் காணியும் அதில் ஒரு பழைய வீடும் உண்டு. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதத்தில் வட மாகாணத்திலிருந்து துரத்தப்பட்ட எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நாமும் ஒரு குடும்பம். புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் படித்து, அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, யுத்தம் முடிந்தபின் குடாநாட்டுக் கிராமப் பாடசாலையொன்றுக்கு இடமாற்றம் கேட்டு வந்தேன். ராத்தாமார் இருவரும் புத்தளத்திலேயே வாழ்ந்துவிட்டனர். வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பின்னர் அந்தக் காணி எமக்கு வந்தது. மார்க்கச் சட்டப்படி நாலு பங்கில் இரண்டு எனக்கு, ஒவ்வொன்று ராத்தாமாருக்கு.

மூத்த ராத்தாவின் மகளுக்குக் கொழும்பில் தொழில் கிடைத்தது. எம்மவரிடையே வீடு பெண் பிள்ளைக்கே போகும் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். ஆகவே அவர் தமது பங்கை விற்று, கையிலிருக்கும் சேமிப்பையும் சேர்த்து, மகளுக்காகக் கொழும்பில் சிறியதொரு தொடர்மாடி வீடு வாங்க விரும்பினார். இளைய ராத்தாவும் தமது பங்கை விற்கச் சம்மதித்தார். எங்கே வாங்குவது, யாருக்கு விற்பது என்று இரண்டு கேள்விகள் எழுந்தன. கணக்குப் பார்க்கும் பொறுப்பு ஆசிரியன் என்ற காரணத்தால் என்மேல் விழுந்தது. பார்க்கப் பார்க்க இரண்டும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பது புலப்பட்டது.

முதலில் வாங்குவதைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்புக் கணக்கில் பேசுகிறோம். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். கொழும்புக்குப் போனால் பேர்ச் கணக்கில் பேச வேண்டும். தொடர்மாடிக்குள் நுழைந்தால் சதுர அடிக் கணக்கு. அளவை சிறுக்கச் சிறுக்க விலை பெருக்கிறது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் எழுந்துள்ள புதிய தொடர்மாடிகளின் விலை எமது கையிருப்புக்கு எட்டாதது. மாளிகாவத்தை, தெமட்டகொடைப் பக்கம் எம்மவர் செறிந்து வாழ்கின்றனர். பள்ளிவாசல், மத்ரஸா, ஹலால் சாப்பாட்டுக் கடை எல்லாம் காலடியில் உண்டு. அதனாலேயே அங்கு நல்ல வீடு விலைக்கு வருவது அரிது, வந்தாலும் விலை ஏறியிருக்கும். இன்னும் தள்ளி கொலொன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் போனால் எம்மவரும் உண்டு, விலையும் குறைவு.

ஆனால் அந்தக் குறைவு எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலொன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் வீடுகளுக்குள் வெள்ளம் ஏறி நின்றது. அடுத்த ஆண்டு, 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, அதே பகுதியிலுள்ள மீதொட்டமுல்லையில் நகரத்தின் குப்பைகளைக் குவித்த மேடு சரிந்து வீடுகள் புதைந்தன. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்த மேட்டின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் அதன் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். அகற்றச் சொல்லி ஆண்டுக்கணக்கில் முறையிட்டவர்கள். அவர்களது கையிருப்பு அந்த இடத்துக்கு மட்டுமே எட்டியது. மலிவான விலை என்பது சந்தை எமக்குத் தரும் நன்கொடையன்று. பணத்தில் கழித்ததைச் சந்தை வேறு வடிவில் எம்மிடமிருந்து வாங்கிக்கொள்கிறது: வெள்ளமாக, பஸ்ஸில் கழியும் மணித்தியாலமாக, பழுதான மின்தூக்கியாக, தெளிவற்ற உறுதியாக. ஏழை வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு மலிவு என்பதன்று, எதைக் கழித்து மலிவாக்கினார்கள் என்பதே. முப்பது வருட உரித்தைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்காமல், மாதாந்தப் பராமரிப்புக் கட்டணத்தை விசாரிக்காமல், முத்திரைத் தீர்வையையும் நொத்தாரிசு கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடாமல் தொடர்மாடி வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றைத் தாண்டுவதற்குச் சமம்.

ராத்தாவின் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது வேறு. பாங்கோசை கேட்க வேண்டும், அயலில் எம்மவர் இருக்க வேண்டும் என்றார். இது தவறா?

தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜனாஸா என்றால் ஓடி வரக்கூடிய கைகள் வேண்டும். நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பும் சத்தம் அயலுக்குத் தொல்லையாகாமல் இருக்க வேண்டும். இவற்றைவிடக் கனதியான காரணமும் உண்டு. 2014 ஜூனில் அளுத்கமையும் 2018 மார்ச்சில் திகனையும் எரிந்ததைக் கண்டவர்கள் நாம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளை நடத்திய ஒரு சிறு கும்பலின் பாவத்துக்காக, அதன் பின்னர் வாடகை வீடு தேடிப் போன முஸ்லிம் குடும்பங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதையும் அறிவோம். தமிழ்ச் சகோதரர்களுக்கு இந்த அனுபவம் எமக்கு முந்தியது. 2007 ஜூன் 7 ஆம் திகதி அதிகாலை கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த வடக்குக் கிழக்குத் தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்ஸில் ஏற்றி அனுப்பப்பட்டனர். உயர் நீதிமன்றம் தலையிட்டே அதை நிறுத்தியது. சிறுபான்மையினர் தம்மவர் அருகே இருக்க விரும்புவதைப் பெரும்பான்மையினர் தம்மவர் மட்டுமே இருக்க வேண்டும் என்பதோடு ஒரே தராசில் வைக்க முடியாது. ஒன்று பயத்தில் பிறப்பது, மற்றது அதிகாரத்தில் பிறப்பது.

எனினும் விருப்பம் நியாயமானதாக இருப்பதால் அதன் விளைவும் நியாயமாகிவிடாது. அமெரிக்கப் பொருளியலாளர் தோமஸ் ஷெல்லிங் 1971 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை எளிமையாகக் காட்டுகிறது. சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இரண்டு வகை நாணயங்களைக் கலந்து பரப்புங்கள். ஒவ்வொரு நாணயத்துக்கும் மிகச் சிறிய ஆசை ஒன்றைக் கொடுங்கள்: சுற்றியிருப்போரில் மூன்றில் ஒரு பங்கினராவது என் வகையினராக இருக்க வேண்டும், மற்றவர் யாரும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆசை நிறைவேறாத நாணயத்தை வெற்றுக் கட்டத்துக்கு நகர்த்திக்கொண்டே போங்கள். நான் இதைப் பத்தாம் தர மாணவர்களைக் கொண்டு ஒரு ரூபாய், ஐந்து ரூபாய்க் குற்றிகளால் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு பாடவேளை முடிவதற்குள் ஒரு ரூபாய்கள் ஒரு மூலையிலும் ஐந்து ரூபாய்கள் மறு மூலையிலும் திரண்டுவிட்டன. "சேர், ஒருத்தரும் ஒருத்தரையும் கலைக்கேல்லையே!" என்றான் ஒரு மாணவன். அதுதான் பாடம். எவரும் எவரையும் வெறுக்காமலேயே, எவரும் எவரையும் விரட்டாமலேயே, ஊர் இரண்டாகப் பிரிந்துபோக முடியும். தனித்தனியே பார்த்தால் குற்றமற்ற தெரிவுகள் கூடி யாரும் தெரிவு செய்யாத ஒரு நகரத்தை உண்டாக்குகின்றன. பிரிந்த நகரத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் காணாமல் வளர்கிறார்கள். காணாதவரைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பலாம். அடுத்த கலவரத்துக்கான விறகு அப்படித்தான் உலர்கிறது.

இனி விற்பதற்கு வருவோம். உண்மையான சிக்கல் இங்குதான் இருந்தது.

சோனகதெருவில் திரும்பி வந்து குடியேறியவர்கள் போனவர்களில் ஒரு பகுதியினரே. ஐந்துசந்தியைச் சுற்றிய வீதிகளில் இன்றும் இடிந்த சுவர்களுக்குள் மரம் முளைத்து நிற்கும் வளவுகளைக் காணலாம். ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் பிள்ளைகள் நிறைய வேண்டுமானால் குடும்பங்கள் வர வேண்டும். பள்ளிவாசலின் ஸப்புகள் நிரம்ப வேண்டுமானாலும் அப்படித்தான். ஆகவே, "காணியை வெளியாருக்குக் கொடுக்காதீங்க, எங்கட ஆக்களுக்கே கொடுங்க" என்று சில பெரியவர்கள் சொன்னார்கள். அவர்களின் கவலையை நான் மதிக்கிறேன். என் உள்ளத்திலும் அதே கவலை உண்டு. ஆனால் எங்கட ஆக்கள் தருவதாகச் சொன்ன விலை, வெளியிலிருந்து வந்த ஒருவர் தருவதாகச் சொன்ன விலையில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்த மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் என்பது ராத்தாவின் கணக்கில், மேட்டு நிலத்து வீட்டுக்கும் வெள்ளம் ஏறும் வீட்டுக்கும் இடையிலான வித்தியாசம்.

அயலைக் காப்பாற்ற வேண்டும் என்பது நல்ல இலட்சியமே. அதற்கான செலவை யார் ஏற்பது? அந்த அயலில் வாழாத, வாழ முடியாமற் போன, கையில் வேறெதுவும் இல்லாத ஒரு பெண்ணா?

எமது மார்க்கச் சட்டம் இந்த இடத்தில் மிக நுட்பமாகப் பேசுகிறது. ஷுஃப்ஆ என்னும் முன்வாங்கல் உரிமையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பங்குக் காணியில் ஒருவர் தமது பங்கை வெளியாருக்கு விற்றால், மற்றப் பங்காளி அதைத் தாமே எடுத்துக்கொள்ள உரிமையுண்டு. எமது ஷாபிஈ மத்ஹப் இவ்வுரிமையைப் பங்காளியோடு நிறுத்துகிறது; ஹனபி மத்ஹப் அதை எல்லைக்கார அயலவருக்கும் விரிக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், இந்த மண்ணின் வழமையும் இதே தடத்தில் நடந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தின் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707 இல் ஏற்கப்பட்ட தேசவழமையில், வாரிசுகளுக்கும் பங்காளிகளுக்கும் மட்டுமன்றி, காணியை ஈடாக வைத்திருக்கும் எல்லைக்காரருக்கும் முன்வாங்கல் உரிமை இருந்தது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதைப் பங்காளிகளுக்கும் வாரிசாகக்கூடிய உறவினருக்கும் எனச் சுருக்கியது. இரண்டு வேறு மரபுகள், அயலவரைச் சேர்ப்பதா விடுவதா என்ற ஒரே கேள்வியோடு போராடியிருக்கின்றன.

ஆனால் இவ்விரு மரபுகளிலும் ஒரு விடயத்தில் தளம்பல் இல்லை. முன்னுரிமை வாங்குவதில்தான், விலையில் அல்ல. ஷுஃப்ஆ கோருபவர் வெளியார் கொடுத்த அதே விலையைக் கொடுத்தே காணியை எடுக்கலாம். "அவனுக்கு முன் நான்" என்று சொல்லலாம். "அவனைவிடக் குறைவாக நான்" என்று சொல்ல முடியாது. இதில் உள்ள நீதியைக் கவனியுங்கள். அயலின் முழுமை பெறுமதியானது என்று சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பெறுமதியை அனுபவிக்கப் போகிறவரையே அதற்குப் பணம் கட்டவும் சொல்கிறது.

இதற்கு எதிராக ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டலாம், நானே எடுத்துக்காட்டிவிடுகிறேன். அபூ ராஃபிஉ (ரழி) அவர்கள், ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களின் வளவுக்குள் தமக்கிருந்த இரண்டு அறைகளை ஸஃதுக்கே விற்க வந்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. வேறொருவர் ஐந்நூறு தீனார் தரத் தயாராக இருந்தார். ஸஃத் நாலாயிரம் திர்ஹமுக்கு மேல் தர முடியாது, அதுவும் தவணை முறையில்தான் என்றார். அயலவருக்குள்ள உரிமையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிராவிட்டால் கொடுத்திருக்கமாட்டேன் என்று கூறி, அபூ ராஃபிஉ குறைந்த விலைக்கே அதைக் கொடுத்தார். பார்த்தீர்களா, அயலவருக்காக விலையை விட்டுக்கொடுத்திருக்கிறாரே என்று பெரியவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்.

ஆம், விட்டுக்கொடுத்தார். ஆனால் அந்தச் செய்தியை முழுமையாக வாசிக்க வேண்டும். அங்கே விட்டுக்கொடுத்தவர் விற்றவரே. எவரும் அவரை நெருக்கவில்லை. நெருக்கப்பட்டவர் ஒருவர் இருந்தார், அவர் வாங்குபவர். அருகே இருந்த மிஸ்வர் (ரழி) அவர்கள், வாங்கத் தயங்கிய ஸஃதைப் பார்த்து நீர் இதை வாங்கியே ஆக வேண்டும் என்று ஆணையிட்டுச் சொன்னார்கள். விற்பவரிடம் குறைத்துக் கொடு என்று சொன்னவர் அங்கே எவருமில்லை. விட்டுக்கொடுப்பது ஒரு தர்மம். தர்மத்தைச் செய்பவர் கையால்தான் செய்ய முடியும். ஒருவருடைய தர்மத்தை இன்னொருவர் கடமையாக வசூலிக்கத் தொடங்கினால் அது வரியாகிவிடும். எமது மஹல்லாக்களில் வழக்கம் தலைகீழாக இருக்கிறது. வசதியுள்ளவரிடம் "நீங்க வாங்கியே ஆகணும்" என்று சொல்ல எமக்கு நா எழுவதில்லை. வசதியற்றவரிடம் "நீங்க குறைச்சுக் குடுத்தே ஆகணும்" என்று சொல்லத் தயங்குவதில்லை.

செலவு யார் தலையில் விழுகிறது என்ற இந்தக் கேள்வி எமக்கு மட்டும் உரியதன்று. குஜராத்தில் கலவரங்களின் பின்னர் அஞ்சி அடிமாட்டு விலைக்கு வீட்டை விற்றுவிட்டு ஓடுவதைத் தடுக்கவென 1991 இல் குழப்பப் பகுதிகள் சட்டம் வந்தது. அப்பகுதிகளில் சொத்துக் கைமாற மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நோக்கம் நல்லது. நடைமுறையில், முஸ்லிம்கள் நகரின் வேறு பகுதிகளில் வீடு வாங்குவதற்கு எதிரான பூட்டாகவும் அது பயன்பட்டது. அகமதாபாத்தின் ஜுஹாபுராவில் இலட்சக்கணக்கானோர் நெருங்கி வாழ வேண்டியேற்பட்டதற்கு 2002 கலவரத்தோடு இச்சட்டத்துக்கும் பங்குண்டு.

சிங்கப்பூர் மறுதிசையில் போனது. 1989 முதல் அரசு தொடர்மாடிகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர், மலாயர், இந்தியர் இத்தனை வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று எல்லை வகுத்தது. சேர்ந்து வாழ்வது அங்கே சட்டமாயிற்று. ஆனால் சீனருக்கான எல்லை நிரம்பிய கட்டடத்தில் வீடு விற்க வந்த மலாயரோ தமிழரோ சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைவதால் விலையும் குறையும். இன ஒற்றுமையின் செலவு அந்தச் சிறுபான்மைக் குடும்பத்தின் பையிலிருந்து போனது. மூன்று தசாப்தங்களுக்கும் மேலாகச் சென்றபின், 2022 இல், இப்படி விற்க முடியாமல் தவிப்போரின் வீடுகளைத் தானே வாங்கிக்கொள்ள வீடமைப்பு வாரியம் முன்வந்தது. அதாவது, இலட்சியம் யாருடையதோ அவரே காசைக் கட்டட்டும் என்ற ஷுஃப்ஆவின் தத்துவத்துக்கு அவர்களும் வந்து சேர்ந்தனர். பிரித்து வைப்பதானாலும் சேர்த்து வைப்பதானாலும் பலவீனரின் பணத்தில் அதைச் செய்வது அநீதி.

எமது சமூகத்துக்கும் இது பொருந்தும். சோனகதெருவில் எம்மவர் வாழ வேண்டுமென்றால் அதற்கு ஒரு நிதியம் வேண்டும். கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வசதியாக வாழும் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சேர்ந்து, விற்க வருவோரின் காணியை வெளியார் தரும் விலைக்கே வாங்கி, திரும்பி வர விரும்பும் வீடற்றவர்களுக்குத் தவணைக்குக் கொடுக்கலாம். வக்ஃப் என்ற ஏற்பாடு எம்மிடம் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. அப்படியொரு கை நீளாதவரை, விற்றவரைத் துரோகி என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. 1990 இன் பின்னர் புத்தளம் முகாம்களில் மருந்துக்கும் மகளின் கலியாணத்துக்குமாக ஊர்க் காணியைக் கிடைத்த விலைக்குக் கொடுத்தவர்கள் பலர். வேறுசிலர் விற்காமலே இழந்தார்கள்: பத்து வருடம் தடையின்றி ஆண்டு அனுபவித்தால் உரித்துக் கோரலாம் என்பது 1871 இன் காலவிதிப்புச் சட்டம். துப்பாக்கிக்கு அஞ்சி ஓடியவரின் இல்லாமையைச் சம்மதமாக எண்ணக் கூடாது என்பதை 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம்தான் ஏற்றுக்கொண்டது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தில் தம் காணிக்குச் செல்ல முடியாதிருந்தோருக்கு விசேட ஏற்பாடு செய்தது. கடந்துபோன காலத்தைச் சட்டம் ஓரளவு திருப்பிக் கொடுக்கும். அவசரத்தில் இழந்த விலையை எந்தச் சட்டமும் திருப்பிக் கொடாது.

இன்னுமொரு ஆட்சேபம் இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் கடுமையானது. "எங்களைத் துரத்தின ஊருக்கு நாங்களே காணியையும் எழுதிக் குடுக்கிறதா?" என்று இளைய ராத்தாவின் கணவர், என் மச்சான், கேட்டார். அவர் கேட்டது வலியோடு. ஆனால் துரத்தியது ஊர் அல்ல, ஆயுதம் தாங்கிய ஓர் இயக்கம். எமது காணியை வாங்க வந்தவர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். அவரது குடும்பமும் அதே 1990 இல், எமக்குச் சில மாதங்கள் முன்பாக, ஷெல்லுக்கு அஞ்சி ஓடியது. அவர்களின் நிலம் பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. அவரும் சின்னஞ்சிறு வயதில் நலன்புரி நிலையக் கொட்டிலில் படித்தவர். ஒரே ஆண்டில் இரண்டு துப்பாக்கிகளால் கலைக்கப்பட்ட இரண்டு பிள்ளைகளில் ஒருவர் இன்று விற்கிறார், மற்றவர் வாங்குகிறார். அவர் எந்த ஆட்களைச் சேர்ந்தவர் என்று கேட்டு விலக்கினால், எம்மை விலக்கியவர்களின் கேள்வியை நாம் கடன் வாங்கியவர்களாவோம். தம்மவர் அருகே இருக்க விரும்புவது வேறு, மற்றவர் இருக்கக் கூடாது என்று தீர்ப்பது வேறு. முன்னையது விருப்பம். பின்னையது வெளியேற்றத்தின் முதற்படி. இந்த வேறுபாட்டை எம்மைவிட நன்கு அறிந்திருக்க வேண்டியவர் எவர்?

குர்ஆன் உறவினரான அயலவரையும் அந்நியரான அயலவரையும் அடுத்தடுத்தே குறிப்பிட்டு, இருவருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. இரண்டு அயலவரில் யாருக்கு முதலில் அன்பளிப்புக் கொடுப்பது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டபோது, வாசல் யாருடையது கிட்டவோ அவருக்கு என்பதே நபி (ஸல்) அவர்களின் விடை. குலத்தைச் சொல்லவில்லை, கொள்கையைச் சொல்லவில்லை; வாசலின் தூரத்தை அளவுகோலாக்கினார்கள். தொடர்மாடியில் வாழப் போகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே எதிர் வாசல் நாலடி தூரத்தில் இருக்கும்.

இப்படியெல்லாம் வாதிட்ட எனக்கு ஒரு சோதனை காத்திருந்தது. ஷுஃப்ஆவுக்கு உரிய பங்காளி வேறு யாருமல்ல, நானேதான். அந்த வீடு எம் கையைவிட்டுப் போகக் கூடாது என்று அதிகம் விரும்பியவனும் நானே. "தம்பிதானே ஊரில இருக்கான், அவனுக்கே குறைச்சு எழுதிவிடுங்க" என்று உறவுக்காரர் ஆளுக்காள் சொன்னார்கள். ராத்தாமாரும் வாய் திறந்து மறுத்திருக்கமாட்டார்கள். எமது பெண்கள் சகோதரனிடம் பங்கைப் பற்றிப் பேசவே கூச்சப்படுபவர்கள். அந்தக் கூச்சத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எத்தனை ஊர்களில் எத்தனை காணிகள் ஆண்களின் பெயருக்கு மாறியிருக்கின்றன! ஆசிரியச் சம்பளத்தில், 2022 நெருக்கடியின் பின்னர் ஏறிய விலைவாசியில், வெளியார் தரும் விலையை என்னால் கொடுக்க முடியாது. கொடுக்க முடியாதபோது எனக்கு முன்னுரிமையும் இல்லை. மற்றவர்களுக்குச் சொன்ன சட்டம் எனக்கும் அதுவே.

ஆகவே நில அளவையாளரை அழைத்துக் காணியை இரண்டாகப் பிரித்தோம். வீடு நிற்கும் ஒரு பரப்பு ராத்தாமாருக்கு. வெறுங்காணியாகக் கிடக்கும் மற்றப் பரப்பு எனக்கு. அவர்களது பரப்பு முழு விலைக்குப் போனது. அல்லாஹ் நாடினால் எனது பரப்பில் நான் ஒரு சிறிய வீடு கட்டுவேன். கட்டாவிட்டாலும் எவருக்கும் கடனில்லை.

மூத்த ராத்தா கடைசியில் தெஹிவளையில் ஓர் ஒழுங்கைக்குள், மின்தூக்கி இல்லாத பழைய தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடொன்றை வாங்கினார். எதிர் வாசலில் வயதான சிங்களத் தம்பதியர். கீழ் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம். கட்டடத்தில் முஸ்லிம் குடும்பம் வேறொன்று உண்டு. பாங்கு மெல்லியதாகவே கேட்கும். வெல்லம்பிட்டியில் அதே விலைக்குப் பெரிய வீடு, நாலு பக்கமும் எம்மவர், கிடைத்திருக்கும். ஏன் இதைத் தெரிந்தீர்கள் என்று கேட்டேன். "பள்ளிக்கு பஸ்ஸில போகலாம் தம்பி. வெள்ளம் வந்தா எந்த பஸ்ஸில போறது?" என்றார். ஷெல்லிங்கையும் ஷுஃப்ஆவையும் படிக்காதவர் அவர். நாணயங்களில் ஒன்று மூலைக்குப் போகாமல் நடுவில் நின்றுவிட்டது. அங்கே நிற்பது எளிதாக இருக்குமா என்பது அந்த வீட்டு அயலவர்களையும் பொறுத்தது. விலை கொடுத்து வாங்கக்கூடியது வாசல் வரைதான்; வாசலுக்கு அப்பாலுள்ளது நாளாந்தம் நடந்துகொள்ளும் முறையால் உண்டாக வேண்டியது.

யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியின் நாலு எல்லைகளைச் சொன்ன பிறகு கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதுவது வழக்கம். எமது காணியின் கிணறு, பிரித்த எல்லைக்கோட்டுக்கு அருகில், என் பக்கத்தில் அமைந்துவிட்டது. புதிய உறுதியில் வாங்கியவருக்குக் கிணற்றில் அரைப் பங்கும், அதற்குச் செல்ல மூன்றடி அகல வழியும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். விற்றாலும் வாங்கினாலும் தண்ணீர் ஒன்றுதான் என்பதை இந்த மண்ணின் பழைய நொத்தாரிசுமார் அறிந்திருந்தார்கள். வீடு தேடும் எம்மவர்களும் உறுதியின் அந்தக் கடைசி வரிகளை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும்.